சிட்னியில் நண்பர்களோடு ஒரு நாள் போய்வர எலிசபெத் ஃபார்ம் ஏற்ற இடமா?

தாராளமாகப் போகலாம். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம்: பரமட்டா பக்கம் இருக்கும் இந்தப் பழைய காலனிய வீடு நண்பர்கள் கூட்டமாகப் போக ஏற்றதா, ஒரு நாள் முழுக்க அங்கே பொழுது போகுமா. முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதற்கு, வீட்டை மட்டும் பார்த்தால் போகாது. நடந்து போகும் தூரத்தில் இன்னும் இரண்டு பழைய வீடுகள் இருக்கின்றன, அதோடு ஹாரிஸ் பார்க் சாப்பாட்டையும் சேர்த்துக்கொண்டால் சாயங்காலம் ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அரண்மனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1793ல் ஜான் மெக்கார்தர் என்ற படை அதிகாரி இந்த வீட்டைக் கட்டிவிட்டு, முன்பக்கம் 68 அடி, அகலம் 18 அடி, அருமையான செங்கல் வீடு என்று ஊருக்குப் பெருமையாகக் கடிதம் எழுதியிருக்கிறார். இன்றைக்கு மேற்கு சிட்னியில் டூங்காபி பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. 1820களில் இன்னும் சில அறைகளைச் சேர்த்து அழகுபடுத்தினார்கள், அப்படியும் தாழ்வான கூரையும் சுற்றிலும் வராந்தாவுமாக அடக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ரோஸ்ஹில்லின் சாதாரணத் தெருக்கள், எதிரே அடுக்குமாடிகள். எங்களோடு வந்த ஒருவன் எல்லா அறைகளையும் மளமளவென்று பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்து "அவ்வளவுதானா மாப்ள, இதுக்கா காலைல எழுப்பின?" என்றான். அவன்தான் கடைசியில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தவன், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே போவதற்கு முதல் காரணம், எதையும் தொடலாம். நான் பார்த்த பழைய வீட்டு அருங்காட்சியகங்களில் எல்லாம் வாசலில் ஒரு கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில், "தொடாதீர்" என்று ஒரு பலகை, நாம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டும். இங்கே கயிறே கிடையாது. மெக்கார்தர் குடும்பம் வைத்திருந்த சாமான்களைப் பார்த்து அதே மாதிரி செய்துவைத்த நகல்கள்தான் வீடு முழுக்க, அதனால் நாற்காலியில் உட்காரலாம், இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம், மேசை மேல் கிடக்கும் கடிதங்களை எடுத்துப் படிக்கலாம். அசல் என்பது சாமானில் இல்லை, சுவரிலும் கூரையிலும் இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர்கள் குடியிருக்கக் கட்டியவற்றில் இன்றும் நிற்கிற மிகப் பழைய வீடு இதுதான், 1793ல் எழுப்பிய பகுதி இப்போதைய வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லவே வேண்டாம். பெரியவர்களுக்கும்தான். எங்கள் கூட்டத்தில் இருந்த யாழ்ப்பாணத்துத் தோழி சாப்பாட்டு அறை மேசையின் தலைப்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு "எல்லாரும் இருங்கோ, நான் இண்டைக்கு மிசிஸ் மெக்கார்தர்" என்று உத்தரவு போட ஆரம்பித்துவிட்டாள், அதன் பிறகு அந்த அறையை விட்டு யாரும் நகரவில்லை.

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் இந்த வீட்டைப் பார்க்க அதுவே சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் ஜான் மெக்கார்தர் பெயரைச் சொல்வார்கள், கம்பளித் தொழிலின் தந்தை. 1966ல் டாலர் வந்தபோது இரண்டு டாலர் நோட்டில் அவர் முகத்தையும் ஒரு மெரினோ ஆட்டையும் போட்டார்கள், 1988ல் நாணயம் வரும் வரைக்கும் அந்த நோட்டு எல்லோர் பையிலும் இருந்தது. ஆனால் அந்த "தந்தை" பண்ணையில் இருந்த காலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1801ல் தன் மேலதிகாரியான வில்லியம் பேட்டர்சனோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவரைக் காயப்படுத்தினார். ஆளுநர் கிங் இவரை விசாரணைக்காக இங்கிலாந்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, இந்த ஆள் மறுபடி வருவதானால் ஆளுநராகவே வரட்டும், காலனியில் பாதி இப்போதே அவருக்குச் சொந்தம், மீதிப் பாதியையும் சீக்கிரம் பிடித்துவிடுவார் என்று எரிச்சலோடு எழுதினார். திரும்பி வந்தது 1805ல். அடுத்தது 1808 ஜனவரி 26, ஆளுநர் வில்லியம் ப்ளையைப் படையினர் கைது செய்து ஆட்சியைப் பிடித்த ரம் கலகம். அதற்குப் பின்னால் இருந்த முக்கியமான கை இவருடையது. அதனால் 1809ல் மறுபடியும் இங்கிலாந்து, திரும்பினால் கைது என்ற நிலை, 1817 வரைக்கும் வரவே முடியவில்லை. ஆக, மெரினோ மந்தை பெருகி வளர்ந்த அந்தக் காலத்தில் மனிதர் பெரும்பாலும் ஊரிலேயே இல்லை.

அப்போ யார் பார்த்துக்கொண்டது? எலிசபெத். ஜானின் மனைவி, வீட்டுக்கு வைத்திருக்கும் பெயர் அவருடையதுதான். 1766ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர், 1790ல் கைதிகளை ஏற்றிவந்த இரண்டாம் கப்பல் தொகுதியில் இங்கே வந்தார். அந்தக் கப்பல்களில் கைதிகளை அடைத்துக் கொண்டுவந்த விதம் கொடூரம், கிட்டத்தட்ட நாலில் ஒருவர் வழியிலேயே செத்தார்கள். எலிசபெத்துக்குக் கப்பலில் பிறந்த பெண் குழந்தையும் பிழைக்கவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண், நோயாளிக் கணவன், கையில் இன்னொரு சின்னக் குழந்தை, இறங்கிய இடத்தில் ஒழுங்கான வீடு ஒன்று கூட இல்லை. அதற்கு நடுவிலும் வில்லியம் டாஸ் என்ற அதிகாரியிடம் வானியல் கற்க முயன்றிருக்கிறார். ஜார்ஜ் வோர்கன் என்ற மருத்துவர் முதல் கப்பல் தொகுதியில் கொண்டுவந்திருந்த பியானோவில் பாட்டு கற்றுக்கொண்டார், அவர் ஊர் திரும்பும்போது அதை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கண்டத்துக்கு வந்த முதல் பியானோ அது. கைதிகள் குடியிருப்பில், ராத்திரி நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, பகலில் பியானோ பழகிக்கொண்டு. எனக்கு இந்த ஒரு விவரத்துக்காகவே அவரைப் பிடித்துவிட்டது.

1804 மார்ச்சில் காசில் ஹில்லில் ஐரிஷ் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள் (ஆமாம், இப்போது நம் ஆட்கள் வீடு வாங்கத் தவிக்கிற அதே காசில் ஹில்தான்). எலிசபெத் ஃபார்முக்குத் தீ வைத்தால் பரமட்டாவில் இருக்கும் படையினர் அணைக்க ஓடுவார்கள், அந்த நேரத்தில் ஊரைப் பிடித்துவிடலாம் என்பது அவர்கள் திட்டம் என்று செய்தி வர, எலிசபெத் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் சிட்னிக்குப் போனார். கணவர் அப்போது லண்டனில். கிளர்ச்சி அடங்கியதும் திரும்பி வந்து பண்ணை வேலையைத் தொடர்ந்தார். அவர் கணவருக்கு ஒரு கடிதம் போட்டால் போய்ச் சேர ஐந்தாறு மாதம் ஆகும், பதில் வர இன்னொரு ஐந்தாறு மாதம். எந்த ஆட்டை விற்பது, யாருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுவது என்பதையெல்லாம் ஒரு வருடம் காத்திருந்து கேட்டு முடிவு செய்ய முடியுமா என்ன? ஜான் லண்டனில் கம்பளிக்குச் சந்தை தேடினார், மந்திரிகளைப் பிடித்தார், 1804ல் மன்னரின் கியூ மந்தையிலிருந்து மெரினோக்களை ஏலத்தில் வாங்கினார், 5,000 ஏக்கர் நிலம் கிடைக்க ஏற்பாடு செய்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளியது இந்த அம்மா. இரண்டு பேரில் யாருக்குப் பெருமை என்று இங்கே வரலாற்று ஆசிரியர்கள் நிறையவே வாதாடியிருக்கிறார்கள், என் ஓட்டு எலிசபெத்துக்கு.

அவர் கடைசி வரைக்கும் இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை, 1850ல் சிட்னியில்தான் காலமானார். ஜான் கடைசிக் காலத்தில் மனநிலை தடுமாறி, அத்தனை வருடம் தனியாக இருந்து காப்பாற்றிய மனைவி மீதே சந்தேகப்பட்டு, அவரை இந்த வீட்டை விட்டே போக வைத்தார். 1834ல் கேம்டன் பண்ணையில் ஜான் இறந்தார். இதைப் படுக்கையறையில் நின்றுகொண்டு படித்தபோது எங்கள் தோழி "உந்தாளைப் போய் நோட்டில போட்டவங்களோ!" என்று கேட்டது பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும்.

சரி, "அவ்வளவுதானா" என்று கேட்டவன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை பக்கம், தாத்தா ஆட்டுக்கிடை போட்டவர். அறுவடை முடிந்த காட்டில் மந்தையை ராத்திரி அடைத்து வைத்து, புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் நிலத்துக்காரரிடம் நெல்லோ பணமோ வாங்கும் தொழில். வீட்டைப் பற்றி அவனுக்கு அக்கறையே இல்லை, மெரினோ பற்றிப் பேச்சு வந்ததும்தான் முழித்துக்கொண்டான். இத்தனை ஆடு என்றால் மேய்த்தது யார், வேலி இருந்ததா, ராத்திரி எங்கே அடைத்தார்கள், நாய் தூக்காதா என்று வழிகாட்டியாக இருந்த அம்மாவைத் துளைக்க ஆரம்பித்தான். அவரும் சளைக்கவில்லை. கம்பி வேலி வருவதற்கு முந்திய காலம் அது. ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு மேய்ப்பன், பகலெல்லாம் ஆட்டின் பின்னாலேயே நடக்க வேண்டும், இருட்டினால் பெயர்த்து நகர்த்தக்கூடிய மரத் தட்டிகளால் பட்டி அமைத்து உள்ளே அடைக்க வேண்டும், காவலுக்கு ஒருவன் பக்கத்திலேயே படுத்துக்கொள்வான், டிங்கோ என்கிற காட்டுநாய் வந்தால் விரட்ட. ஆடு தொலைந்தால் மேய்ப்பனுக்குத் தண்டனை. "அப்படியே எங்க தாத்தா செஞ்ச வேலைடா, தட்டி, காவல், எல்லாம்" என்று அவன் எங்கள் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, உடனே அவரிடம் "கூலி எவ்வளவு?" என்று கேட்டான்.

கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேய்த்தவர்கள் கைதிகள். திருட்டுக்கோ வேறு எதற்கோ தண்டனை வாங்கிக் கப்பலில் வந்தவர்களை அரசு இந்த மாதிரிப் பண்ணைக்காரர்களுக்கு வேலைக்கு ஒதுக்கிக் கொடுத்தது; சோறு, துணி, தங்க இடம் முதலாளி கொடுப்பார், தண்டனைக் காலம் முடியும் வரை உழைக்க வேண்டும். சமையலறை, தோட்டம், தொழுவம் எல்லாவற்றிலும் அவர்கள்தான். வீட்டுச் சமையலறையில் போய் நின்று பார்த்தால் அது நன்றாகவே தெரியும். முன்பக்கம் வராந்தாவும் பெரிய ஜன்னல் கதவுகளும் காற்றும் வெளிச்சமும், பின்பக்கம் அடுப்பும் புகையும்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது, அதைப் பேசாமல் இந்த வீட்டைப் பற்றிப் பேசக்கூடாது. இந்த நிலம் டாருக் பழங்குடி மக்களில் பரமட்டகல் குலத்தாருடையது. 1793ல் 100 ஏக்கர் "மானியம்" என்று கொடுத்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1797 மார்ச்சில் பெமுல்வுய் என்ற பிடிஜிகல் குலத்து வீரர் தன் ஆட்களோடு பரமட்டாவுக்குள்ளேயே வந்து படையினரை எதிர்த்தார், ஏழு குண்டுத் துகள்கள் உடலில் பாய்ந்து, கைதியாக மருத்துவமனையில் கிடந்து, காலில் விலங்கோடு தப்பித்துப் போனார். 1802ல் அவரைச் சுட்டுக் கொன்று, தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்த 1797 மோதல் நடந்தது இந்த வராந்தாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில். விசித்திரம் என்னவென்றால், அதே பெமுல்வுயின் மகன் டெட்பரி மெக்கார்தர் வீட்டுக்குப் பழக்கமானவன், வந்து போய்க்கொண்டிருந்தவன். 1808ல் ஜானைக் கைது செய்தார்கள் என்று கேள்விப்பட்டு ஈட்டியை எடுத்துக்கொண்டு சிட்னிக்குக் கிளம்பி வந்தானாம், ஆளுநரைக் குத்துவதற்கு. அவன் மனதில் என்ன ஓடியது என்று எங்கள் கூட்டத்தில் வராந்தாவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் வாக்குவாதம். ஒருவர் நட்பு என்றார், ஒருவர் அப்பாவைக் கொன்ற அரசின் மீதான கோபம், சாக்கு கிடைத்தது என்றார். நான் இரண்டாவது கட்சி.

வராந்தாவில் உட்காருவதற்கென்றே போகலாம். நாங்கள் போனது நல்ல வெயில் நாள், மேற்கு சிட்னி வெயில் பற்றித் தெரியும்தானே, உள்ளே கால் வைத்ததும் குளிர்ந்துவிட்டது. கூரை வராந்தாவுக்கு மேலும் இறங்கி வந்து சுவரில் வெயில் படாமல் தடுக்கிறது, எங்கள் ஊர்த் திண்ணை வீடுகளில் செய்திருப்பது போல. தோட்டத்தில் 1805 வாக்கில் நட்டது என்கிற ஒரு ஆலிவ் மரம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலேயே உயிரோடு இருப்பவற்றில் மிகப் பழையது என்கிறார்கள். ஓங்கி நிற்கும் பன்யா பைன் மரத்தின் அடியில் மட்டும் பாய் விரிக்காதீர்கள், காய்க்கும் பருவத்தில் அதன் காய் தேங்காயை விடப் பெரிதாக, கிலோக்கணக்கில் கனத்தோடு விழும்.

மெக்கார்தர் குடும்பம் 1881ல் விற்றுவிட்டது, பிறகு கைமாறிச் சீரழிந்து கிடந்ததை 1904ல் ஸ்வான் என்ற குடும்பம் வாங்கிக் குடியேறியது. அந்த வீட்டுப் பெண்கள் 1968 வரை இதிலேயே வாழ்ந்து இடிபடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் இன்று இந்த இடத்தில் ஒரு அடுக்குமாடி நின்றிருக்கும். அருங்காட்சியகமாகத் திறந்தது 1984ல்.

அங்கிருந்து கிளம்பி ஹாம்பிள்டன் காட்டேஜுக்கு நடந்தோம். மெக்கார்தர் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பெனலோப்பி லூகஸ் அம்மாவுக்காக 1824 வாக்கில் கட்டிய சிறு வீடு, உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நேரம் குறைவென்றால் இதைத் தாண்டிப் போகலாம்.

எக்ஸ்பெரிமெண்ட் ஃபார்ம் காட்டேஜை மட்டும் விடாதீர்கள். ஒரு ஆள் தன் உழைப்பில் தன் வயிற்றைக் கழுவிக்கொள்ள இந்த மண்ணில் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று சோதித்துப் பார்க்க, 1789ல் ஆளுநர் ஃபிலிப், ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதிக்கு இந்த நிலத்தைக் கொடுத்தார். அவர் சாதித்துக் காட்டியதும் 30 ஏக்கர் அவருக்கே சொந்தமானது, 1793ல் அதை ஜான் ஹாரிஸ் என்ற படை மருத்துவர் 40 பவுண்டுக்கு வாங்கினார். ஹாரிஸ் பார்க் என்ற பெயர் அவரால் வந்ததுதான். நம் ஆட்களுக்குப் பிடிக்கும் விஷயம் இனிமேல்தான்: இந்த ஹாரிஸ் 1800களின் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து புள்ளிமான்களைக் கொண்டுவந்து இங்கே வளர்த்தார், ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் மான்கள் அவைதான். இப்போது அதே ஹாரிஸ் பார்க்கில் விக்ரம் தெருவில் இரண்டு பக்கமும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள், சனி ஞாயிறு சாயங்காலம் தெருவில் நடக்க இடம் இருக்காது. "முதல்ல மான் வந்துச்சு, அப்புறம் நாம வந்தோம்" என்று அருப்புக்கோட்டைக்காரன் சொன்னான். எங்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது தோசை, சுமார்தான், ஆனால் நடந்த களைப்பில் யாரும் குறை சொல்லவில்லை.

அப்புறம் நடைமுறைக்கு: மூன்று வீடுகளும் ஒரே நாட்களில் திறந்திருப்பதில்லை, எல்லாம் வாரத்தில் சில நாட்கள், சில மணி நேரம்தான், அதனால் அவற்றின் இணையதளங்களில் பார்த்துவிட்டு மூன்றுக்கும் பொதுவான நாளாகத் தேர்ந்தெடுங்கள். எலிசபெத் ஃபார்மில் நாங்கள் போனபோது நுழைவுக்குக் காசு வாங்கவில்லை, கூட்டமாகப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ரயிலில் வந்து ஹாரிஸ் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம், பரமட்டா லைட் ரயிலில் வந்தால் ரோஸ்ஹில் கார்டன்ஸ் நிறுத்தம் பக்கம். வழிகாட்டி இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், வீட்டில் எழுதி வைத்திருப்பது கொஞ்சம்தான், கேட்டால் வருவது நிறைய. காரில்தான் வருவேன் என்பவர்கள் ரோஸ்ஹில் மைதானத்தில் குதிரைப் பந்தயம் இருக்கும் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அந்த மைதானம் இருப்பதே பழைய எலிசபெத் ஃபார்ம் நிலத்தில்தான், அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.